கணினி விளம்பரங்களில் பிராசசரின் முழு எண்ணைப் போடுங்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் யாங்கோன், தன்லின், பெகு, மோல்மேன் என்று நம் மக்கள் வாழும் ஊர்களில் கோயில் மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு தொடங்கிவிடும். தமிழ்த் தட்டச்சையும் சேர்த்துச் சொல்லித்தர விரும்பும் வகுப்புகளுக்குப் பழைய கணினிகளை விலைக்கு வாங்குகிறார்கள், நன்கொடையாகவும் வாங்கிக்கொள்கிறார்கள். அப்போது பெரும்பாலும் கேட்கப்படுவது இரண்டே கேள்வி: பிராசசர், அதாவது கணினியின் மூளையான நுண்செயலி, அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் செய்யும் ஐ5ஆ, ஐ7ஆ? அதன் வேகம் எத்தனை கிகாஹெர்ட்ஸ்? இந்த இரண்டுக்கும் வரும் பதிலை வைத்து ஒரு கணினியை எடைபோட முடியாது. ஏன் முடியாது என்பதை நுண்செயலியின் வரலாறே தெளிவாகச் சொல்கிறது. அதைச் சற்று விரிவாக எழுதிவிட்டு, உங்கள் இதழிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

1971 நவம்பர் 15 அன்று இன்டெல் விளம்பரம் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்த 4004தான் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடியதாக வந்த முதல் நுண்செயலி. ஜப்பானின் பிசிகாம் நிறுவனம் தன் கணக்குப்பொறிக்காகச் சில்லுகள் கேட்டு வந்ததில் பிறந்தது அது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சில்லு என்பதே பிசிகாமின் திட்டம். நினைவகத்தில் உள்ள கட்டளைகளைப் படித்து நடக்கும் ஒரே சில்லு இருந்தால் எந்த வேலைக்கும் அதையே பழக்கலாம் என்ற யோசனையைத் தந்தவர்கள் டெட் ஹாஃப், ஸ்டான் மேசர் இருவரும். அதைச் சிலிக்கானில் கொண்டுவந்து ஓடவைத்தவர் ஃபெடரிக்கோ ஃபேஜின். பிசிகாமிலிருந்து வந்த மசாதோஷி ஷிமாவுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. அதில் இருந்தவை மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண் சுவிட்சுகளான டிரான்சிஸ்டர்கள் 2,300, வெளியே இணைக்கும் உலோகக் கால்கள் 16. வேகம் 740 கிலோஹெர்ட்ஸ். ஒரு நேரத்தில் 4 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற குறி நான்கு, மட்டுமே கையாளும். 0 முதல் 9 வரையுள்ள ஓர் இலக்கத்தைக் குறிக்க 4 பிட் போதும் என்பதால் கணக்குப்பொறிக்கு அது தாராளம்.

1974இல் வந்த 8080 ஒரு நேரத்தில் 8 பிட் கையாண்டது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஆனால் அதற்கு +12, +5, −5 என்று மூன்று வோல்ட்டேஜ் கொடுக்க வேண்டும். 1976இல் ஃபேஜினும் ஷிமாவும் ஸைலாக் நிறுவனத்தில் செய்த இசட்80க்கு 5 வோல்ட் ஒன்றே போதும். அதனால் போர்டு எளிதாயிற்று, விலை இறங்கிற்று. 2024 வரை அந்தச் சில்லு தொடர்ந்து தயாரானது என்றால் அதன் ஆயுளைப் பாருங்கள். இடையில் 1975இல் எம்ஓஎஸ் டெக்னாலஜி 6502ஐ 25 டாலருக்கு விற்றது. ஆப்பிள் 2, கமடோர் பெட் போன்ற வீட்டுக் கணினிகள் பிறந்தது அந்த விலையால்தான்.

பெயர் ஒன்று, உள்ளிருப்பது வேறு என்ற குழப்பத்துக்கும் வயது அதிகம். 1978இல் வந்த 8086, 29,000 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 16 பிட் பிராசசர். அடுத்த ஆண்டு வந்த 8088 உள்ளே அதே 16 பிட்தான். வெளியே தரவு போய்வரும் பாதை மட்டும் 8 பிட். மலிவான 8 பிட் துணைச் சில்லுகளை வைத்தே போர்டு கட்டலாம் என்பதால் 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் 8088தான் இருந்தது. 1985இல் 386 வந்தது. 32 பிட், 4 ஜிபி வரை நினைவகத்தை எட்டக்கூடியது. பின்னால் அதிலேயே எஸ்எக்ஸ் என்ற மலிவுப் பதிப்பு வந்தபோது வெளிப்பாதை 16 பிட்டாகச் சுருங்கியது. 486 எஸ்எக்ஸில் தசமக் கணக்குப் போடும் பகுதி கிடையாது. அது வேண்டுமென்றால் 487 எஸ்எக்ஸ் என்ற துணைச் சில்லு வாங்கிச் செருகச் சொன்னார்கள். அந்தத் துணைச் சில்லு உண்மையில் முழு 486தான். செருகியதும் பழையதைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு எல்லா வேலையையும் தானே எடுத்துக்கொண்டது. எஸ்எக்ஸ், டிஎக்ஸ் என்ற இரண்டெழுத்தைக் கவனித்தவர்களுக்கு மட்டும் இந்த வித்தியாசம் தெரிந்தது.

ஆனாலும் அன்று எண்ணைப் பார்த்தால் தலைமுறை தெரிந்தது. 386 என்ற எண்ணை இன்டெல் தனக்கே உரிய வணிகக்குறியாக உரிமை கொண்டாட முடியாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்ன பிறகுதான் 1993இல் பென்டியம் என்ற பெயர் வந்தது. எண் பின்னுக்குப் போய்ப் பெயர் முன்னுக்கு வந்தது. ஒரே பெயரில் பல தரம் விற்பது எளிதாயிற்று. அடிக்கடி தேவைப்படும் தரவைப் பிராசசருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் வேக நினைவகத்துக்குக் கேஷ் என்று பெயர். 1998இல் முதலில் வந்த செலரானில் இரண்டாம் நிலை கேஷே இல்லை. அதே ஆண்டு வந்த செலரான் 300ஏ-யில் 128 கேபி கேஷ் சேர்த்தார்கள். இரண்டும் செலரான்தான், வேலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இனி கிகாஹெர்ட்ஸுக்கு வருகிறேன். ஒரு நொடியில் கடிகாரத் துடிப்பு எத்தனை என்பதைத்தான் அது சொல்கிறது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அது சொல்வதில்லை. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4, துடிப்பைக் கூட்டுவதற்கென்றே, ஒரு கட்டளை படிப்படியாக நிறைவேறும் பாதையை 20 படிகளாக நீட்டியது. 2004இல் வந்த பிரெஸ்காட் பதிப்பில் 31 படி. பாதை நீள நீள, நிரலில் எந்தக் கிளை வரும் என்று முன்கூட்டிக் கணித்தது தப்பினால், உள்ளே ஏற்றிய கட்டளைகளை எல்லாம் கொட்டிவிட்டு முதல் படியிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும். துடிப்பு அதிகம், வீணாவதும் அதிகம். கூடவே வெப்பம். பிராசசர் தின்னும் மின்சாரம் துடிப்புக்கு நேர்விகிதத்திலும் வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். அதுவரை டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க வோல்ட்டேஜையும் குறைத்துவந்தார்கள். 5 வோல்ட்டிலிருந்து சுமார் 1.3 வோல்ட் வரை இறங்கினார்கள். அதற்குக் கீழே போனால் அணைத்து வைத்த டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசிந்தது. 2004இல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐயே இன்டெல் கைவிட்டது. 3.8க்கு மேல் அந்த வரிசை போகவில்லை.

2006இல் வந்த கோர் 2 டுவோ இதற்கு விடை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய இ6600, 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ நன்றாகவே முந்தியது, அதைவிடக் குறைந்த மின்சாரத்தில். இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் சொன்னது வேகம் இரட்டிப்பாகும் என்று பலரும் எழுதுகிறார்கள். 1965இல் அவர் சொன்னது ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கையைப் பற்றி. ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்று முதலில் சொன்னதை 1975இல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று திருத்தினார். எண்ணிக்கை பெருகியபடியேதான் இருக்கிறது. 4004இல் 2,300, 2020இல் வந்த ஆப்பிள் எம்1இல் 1,600 கோடி. அவ்வளவு நுணுக்கமாகச் சில்லை அச்சிடும் இயந்திரத்தில், உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் லேசரால் தாக்கி 13.5 நானோமீட்டர் ஒளியை உண்டாக்குகிறார்கள். சில்லைப் போர்டில் ஒட்டும் பற்றாசும் வெள்ளீயமே. அந்த உலோகம் உலகிலேயே அதிகம் கிடைக்கும் நாடுகளில் பர்மாவும் ஒன்று என்பதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கணினியில் ஐ5, ஐ7 என்று ஒட்டியிருக்கும் இன்றைய ஸ்டிக்கருக்கு வருவோம். கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் இரண்டு பழைய லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஐ7-7500யு, அடிப்படை வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸ். மற்றது ஐ5-8250யு, 1.6 கிகாஹெர்ட்ஸ். பெயரையும் வேகத்தையும் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைத்தான் எடுப்பார். ஆனால் தனித்தனியே வேலை செய்யும் கோர் எனப்படும் பகுதிகள் அந்த ஐ7இல் 2; இந்த ஐ5இல் 4. ஒரே நேரத்தில் நடக்கும் வேலை வரிசையான திரெட் இதில் 8, கேஷும் அதிகம். இரண்டுக்கும் 15 வாட்தான். பல வேலைகளைச் சேர்த்துச் செய்யும்போது ஐ5 தெளிவாக முந்தும். வேகத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்றும் உண்டு: விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் பட்டியலில் 8250யு இருக்கிறது, 7500யு இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டதால் இது சின்ன விஷயமன்று.

எண்ணைப் படிப்பது கடினமில்லை. கோட்டுக்குப் பின் வரும் எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தை விட்டுவிட்டு முன்னால் இருப்பதைப் பாருங்கள்; அதுதான் தலைமுறை. 2400 என்றால் 2ஆம் தலைமுறை, 8250 என்றால் 8ஆம், 12400 என்றால் 12ஆம் தலைமுறை. 650, 920 என்று மூன்றே இலக்கம் இருந்தால் அது முதல் தலைமுறை. ஆனால் 1135ஜி7, 1235யு போல நான்கு இலக்க எண் 1இல் தொடங்கினால் அதன் முதல் இரண்டு இலக்கமே தலைமுறை. கடைசி எழுத்தையும் விடாதீர்கள். யு என்றால் மின்சாரம் குறைவாகத் தின்னும் லேப்டாப் வகை. எச் என்றால் அதிகம் தின்று அதிகம் உழைப்பது. டெஸ்க்டாப்பில் டி என்றால் சிக்கன வகை. எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி விற்றுவிட்டு மீதியைக் கொடுத்தால் கணினி ஓடும், திரையில் ஒன்றும் வராது.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தொட்டால் வலது மேல் மூலையில் முழு எண்ணும், கீழே கோர், லாஜிக்கல் பிராசசர் (அதாவது திரெட்) எண்ணிக்கையும் தெரியும். இந்தப் பெயரை மாற்றி எழுதிவைக்க முடியும். சந்தேகம் வந்தால் கணினியை அணைத்து, திரும்பப் போடும்போது எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி, கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். சில தயாரிப்புகளில் எஃப்10 அல்லது எஃப்1.

தலைமுறை ஏன் இவ்வளவு முக்கியம்? புதுத் தலைமுறைகள் வேகத்தோடு புதிய கட்டளைகளையும் கொண்டுவருகின்றன. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு பாப்கவுன்ட் என்ற கட்டளையைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறது. கோர் 2 டுவோவில் அந்தக் கட்டளையே இல்லை. எந்தக் குறுக்குவழியில் நிறுவினாலும் அதில் அந்தப் பதிப்பு எழுந்திருக்காது. 2ஆம் தலைமுறை முதல் 7ஆம் தலைமுறை வரை உள்ள கணினிகளைத் தூக்கி எறியத் தேவையில்லை. 8 ஜிபி ரேமும், சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றும் போட்டு, இலவச இயங்குதளமான லினக்ஸ் ஏற்றினால் தட்டச்சு வகுப்புக்குத் தாராளமாகப் போதும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு பிராசசரை மட்டும் மாற்றிப் பயனில்லை. முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான். 4 ஜிபிக்கு மேல் ரேம் போட்ட கணினியில் 32 பிட் விண்டோஸ் ஏற்றி விற்றால், மேலே உள்ள ரேம் பயன்படாமல் கிடக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில்லுக்குள்ளேயே பழுது இருப்பதும் உண்டு. முதல் பென்டியம்களில் 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வருவதற்குப் பதில் 1.33374 வந்தது. வகுத்தலுக்கு உதவும் அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் விட்டுப்போனதே காரணம். தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் 1994இல் அதைக் கண்டுபிடித்தார். சில்லுகளை மாற்றிக்கொடுக்க இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. அன்று சில்லை மாற்றுவது தவிர வழியில்லை. இப்போது பல பிழைகளைப் பயாஸ் வழியே வரும், மைக்ரோகோடு எனப்படும் சில்லின் உள்கட்டளைகள் திருத்திவிடுகின்றன. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டுத் தம்மைத் தாமே கெடுத்துக்கொள்ளும் குறை இருந்ததை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. திருத்தம் மேலும் கெடுவதைத் தடுக்கும், கெட்டதைச் சரியாக்காது. அந்தத் தலைமுறையைப் பழையதாக வாங்குவோர் பயாஸ் தேதியைக் கேட்டுவிட்டு, கனமான வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

நம் ஊரில் இவற்றைவிட அதிகம் சேதம் செய்வது மின்சாரம். ஜப்பானிலிருந்து வரும் பழைய டெஸ்க்டாப்புகள் அங்கே 100 வோல்ட்டில் ஓடியவை. பவர் சப்ளையின் பின்புறம், கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருந்தால் அது 115இல் இருக்கும். அப்படியே நம் 230 வோல்ட்டில் செருகினால், உள்ளே இரட்டிப்புச் சுற்று வேலை செய்து கெபாசிட்டர்களுக்கு வழக்கமாக வருவதைப்போல இரண்டு மடங்கு வோல்ட்டேஜ் ஏறும். வெடிச் சத்தம் கேட்கும். முதலில் சுவிட்சை 230க்குத் தள்ளுங்கள். சுவிட்ச் இல்லையென்றால் லேபிளைப் படியுங்கள்: 100-240 என்று இருந்தால் கவலை இல்லை, 100 மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

மின்வெட்டு நேரத்தில் பேட்டரியில் வகுப்பு நடத்துவோர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-அவர். பேட்டரி கெடாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம். இன்வெர்ட்டர் நஷ்டம் போக மிஞ்சுவது சுமார் 500. திரையோடு சேர்த்து 80 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் 5 வைத்தால் ஒன்றேகால் மணி நேரம்கூடத் தாங்குவது கஷ்டம். 2023இல் வந்த என்100 என்ற 6 வாட் பிராசசர் போட்ட மினி பிசி, சிறு திரையோடு 30 வாட்டுக்குள் அடங்கும்; 5 வைத்தாலும் 3 மணி நேரம் ஓட்டலாம். எழுத்து வேலைக்கு 6ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ5க்கு அது பெரிதும் பின்தங்காது. மினி பிசியின் அடாப்டர் 12 வோல்ட் என்பதற்காகப் பேட்டரியிலிருந்து நேரே கம்பி கொடுக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14 வோல்ட்டையும் தாண்டும். நடுவில் நிலையான 12 வோல்ட் தரும் கன்வெர்ட்டர் வேண்டும்.

அடுத்தது வெப்பம். பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புதிதில் நன்றாக ஓடிய கணினி இப்போது திணறுகிறது என்றால் முதலில் ஃபேனையும், பிராசசரின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பகுதியான ஹீட் சிங்கையும் பாருங்கள். தூசு தட்டும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் என்ற பசையை மாற்ற, கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறுமுன் ஹீட் சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பிராசசரில் நேரே மேலே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளையக்கூடும். இன்டெல் டெஸ்க்டாப்பில் 2004 முதல் கால்கள் மதர்போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு கால் வளைந்தால் கணினி ஓடாமல் போகலாம்; ஓடினாலும் போட்ட ரேமில் பாதியைக் காட்டாமல் போகலாம். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதுப் பசை வைத்தால் போதும். இன்டெல் கூலரின் நான்கு முளைகளையும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் டக் என்று உட்கார வேண்டும். பின்புறம் திருப்பி, நான்கும் போர்டைத் தாண்டி விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு முளை உட்காராமல் போனாலே வெப்பம் 100ஐத் தொட்டுவிடலாம்.

ஒரு வார்த்தை நம் பெருமைக்காக. 2018இல் சென்னை ஐஐடியில் வீ. காமகோடி தலைமையிலான குழு, உரிமக் கட்டணம் இல்லாத ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பின்மேல் வடிவமைத்த சக்தி பிராசசரில் லினக்ஸை ஓடவைத்தது. ஒரு சில்லு இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலும், இன்னொன்று சண்டிகரை ஒட்டிய மொகாலியில் 180 நானோமீட்டரிலும் உருவாயின. பிராசசரை வடிவமைப்பது நமக்கு எட்டாத காரியம் என்று எண்ணும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கோரிக்கை இதுதான். உங்கள் இதழில் கணினி விற்பனை விளம்பரம் வந்தால், பிராசசரின் முழு எண், ரேம் அளவு, எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா, எத்தனை வோல்ட் ஆகிய நான்கும் இல்லாமல் அச்சிட வேண்டாம். "ஐ5-8250யு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 100-240 வோல்ட்" என்று ஒரே வரியில் அடங்கிவிடும். தமிழ் வகுப்புகளுக்குக் கணினி கொடுக்கும் அன்பர்களும் கொடுக்குமுன் இந்த வரியை ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டிக் கொடுத்தால், வகுப்பு நடத்துவோருக்கு எதில் எதை ஏற்றலாம் என்று அன்றே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கணினிப் பழுது பார்க்கும் வாசகர்,
யாங்கோன்